கூலிக்கு அளந்த விதைநெல்

எழுபத்தெட்டு புரட்டாசிக் கடைசியில் காரைக்காலுக்குப் போனேன். குட்டை ரக நெல் வந்துவிட்டால் பசி தீரும் என்று இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தேன். வயலில் நின்று அதைப் பார்த்ததில்லை. கல்லூரித் தோழி மல்லிகா தன் வீட்டு வயலின் குறுவை அறுப்புக்கு வரச் சொல்லியிருந்தாள்.

மாயவரத்தில் காலை ஆறரைக்குப் பேருந்து. சுமார் நாற்பது கிலோமீட்டர், இரண்டே கால் ரூபாய். எட்டு மணிக்குக் காரைக்கால். அங்கிருந்து கோவில்பத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷா, ஒரு ரூபாய். குடை எடுக்காதது என் தவறு.

குட்டை நெல் விளைந்து கதிர் தலைசாய்ந்திருந்தது. பழைய நெல்லைவிட இரு மடங்கு காணும் என்றாள் மல்லிகா. ஆனால் அறுக்க வந்த பன்னிரண்டு பெண்களும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். கூலியை நெல்லாக அளப்பதுதான் இங்கே வழக்கம். இந்த நெல்லை அளந்தால் அரிவாளைத் தொட மாட்டார்களாம்.

"ஒரு மரக்கா கூடவே அளக்குறேன், அஞ்சலை" என்றாள் மல்லிகா.

"எத்தன அளந்தா என்னம்மா? இந்தச் சோத்தத் தின்னுட்டு வரப்புல எறங்குறதுக்குள்ள பசிக்குது. தண்ணி ஊத்தி வச்சா காலைல கஞ்சியா கெடக்கு."

விளைச்சல் கூடினால் எல்லோருக்கும் நல்லதுதானே என்று நான் வாயை விட்டேன். அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப இவுங்க அறுக்கட்டும். இவுங்களுக்கு இதையே அளங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. இந்த நெல் இரண்டு நாள் நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். மல்லிகா வானத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு நடந்தாள். உள்ளறையில் மூன்று மூட்டை பழைய நெட்டை நெல். குறுவைக்குப் பின் வரும் தாளடிப் போகத்துக்கு அடுத்த வாரம் நாற்று விட வைத்திருந்த விதை. வேறு பழைய நெல் வீட்டில் இல்லை.

"விதையாச்சே" என்றேன்.

"தாளடிக்கும் குட்டையவே போட்டுக்க வேண்டியதுதான். இத அறுத்தாவணும்ல."

பழைய நெல்தான் கூலி என்றதும் பெண்கள் வயலில் இறங்கினார்கள். மூன்றரைக்குள் அறுத்துக் கட்டுகளைக் கொட்டகையில் சேர்த்தார்கள். நாலரைக்கு மழை. அதற்குள் விதைநெல் கூடைகளில் ஏறிப் போயிருந்தது. காலி சாக்கை மடித்துக்கொண்டே மல்லிகா கேட்டாள்: "அடுத்த அறுப்புக்கு இவுங்களுக்கு எத அளக்குறது?"

பசி தீர்க்கும் என்று நான் நம்பிய நெல் கொட்டகையில் பத்திரமாக இருந்தது. பசித்தவர்கள் மற்றதைச் சுமந்து போனார்கள்.

போகிறவர்களுக்கு: மாயவரம் திரும்பக் கடைசிப் பேருந்து ஏழரை மணி. வயலைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். கூலி அளக்கும்வரை இருங்கள்.