எஸ்தர் மூழ்கிய தண்ணீர்

எஸ்தரின் இடது கண்ணைக் கெடுத்தவன் நான்தான்.

இதை எந்தப் போதகரிடமும் நான் சொன்னதில்லை. என் மனைவியிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது என்கிற தைரியத்தில்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், கிள்ளான் நகரில் எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்துக்கு நான் செயலாளர். கர்த்தர் படைத்ததைப் பாழாக்கிவிட்டு அவரைத் துதிப்பது எப்படி நியாயம் என்று ஒரு பிரசங்கம் கேட்டதிலிருந்து எங்களுக்கு ஒரே வேகம். சபைக்குப் பின்னால் ஓடும் சிற்றாற்றில் இறங்கி டயர், பிளாஸ்டிக் பை, உடைந்த நாற்காலி என்று அள்ளிப் போட்டோம். எங்களில் மிகவும் துடிப்பானவள் எஸ்தர். நர்ஸ் ஆக வேண்டும் என்று தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளுடைய ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தபோது, பிரசங்க மேடைக்கு அடியில் முழுக்குக் கொடுப்பதற்கென்று இருந்த சிமெண்டுத் தொட்டி தனக்கு வேண்டாம் என்றாள்.

"நம்ம கிளீன் பண்ண ஆத்துலயே எடுக்கிறேன் பாஸ்டர். இல்லேன்னா எதுக்கு கிளீன் பண்ணோம்?"

எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்!

நான் வேலை பார்த்தது அதே ஆற்றின் மேல்பக்கம், ஷா ஆலம் போகும் வழியில், உலோகத்துக்கு முலாம் பூசும் தொழிற்சாலையில். கழித்த அமிலத் தண்ணீர் ஒரு தொட்டியில் சேரும். கனமழை பெய்தால் அதை ஆற்றில் திறந்துவிடுவோம். மழை வெள்ளத்தில் நிறம் தெரியாது. வால்வைத் திருகுவது என் வேலை. சபையில் சூப்பர்வைசர் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

அப்புறம் எதற்கு அந்த ஆற்றில் இறங்கிக் குப்பை அள்ளினாய் என்று கேட்கிறீர்களா? அள்ளும்போது மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. அவ்வளவுதான்.

ஞானஸ்நானத்துக்கு முந்திய நாள் மதியம் மழை கொட்டியது.

"தொட்டி ரொம்பிருச்சு. தொறந்து விட்டுருப்பா," என்றார் மேனேஜர்.

நாளைக்கு அந்தத் தண்ணீரில் ஒரு பெண் இறங்கப் போகிறாள் என்று சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். விடிவதற்குள் மழை அடித்துக்கொண்டு போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திருகினேன்.

மறுநாள் ஆறு கலங்கி ஓடியது. மழைக் கலங்கல் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"தண்ணி ஓகேயா தம்பி?" என்று கேட்டார் பாஸ்டர்.

"ஓகே பாஸ்டர்."

எஸ்தர் கண்ணை மூடாமல் மூழ்கினாள். எழுந்து சிரித்தாள். அன்று மாலையே கண்கள் இரண்டும் வீங்கிவிட்டன. தண்ணீரில் நின்று முழுக்குக் கொடுத்த பாஸ்டருக்குக் கால்கள் சில நாள் அரித்ததோடு சரி.

ஆஸ்பத்திரியில் டாக்டர், தண்ணீரில் ஏதாவது ரசாயனம் கலந்திருக்குமா, தெரிந்தால் சிகிச்சைக்கு உதவும் என்றார். எஸ்தர் நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அண்ணே, அந்தப் பக்கம்தானே வேலை செய்றீங்க... ஏதாச்சும் ஃபேக்டரி தண்ணி வருதா?"

"அப்படி ஒண்ணும் இல்ல லா. வெறும் மழைத் தண்ணிதான்."

சொல்லிவிட்டு அவள் தலையில் கை வைத்து ஜெபித்தேன். உருக்கமாக, கண்ணீரோடு ஜெபித்தேன்! டாக்டருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பதில். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கர்த்தரிடம் சொன்னேன்.

வலது கண் தேறிவிட்டது. இடது கண்ணில் வெள்ளை படர்ந்தது. தாதிப் பயிற்சியில் அவளைச் சேர்க்கவில்லை. நான் அந்தத் தொழிற்சாலையில் மேலும் இரண்டு வருடம் இருந்தேன்... ஆம், மழை நாட்களில் திறந்தும் விட்டேன். உண்மையைச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? மன்னித்துவிடுவாள். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

போன ஞாயிறு ஆராதனையில் அவள் சாட்சி சொன்னாள். கர்த்தர் ஒரு கண்ணை எடுத்துக்கொண்டதால்தான் அந்த ஆற்றை விடாமல் காப்பாற்றுகிறேன், இன்றைக்கு வாலிபப் பிள்ளைகளையும் அதில் இறக்கிச் சுத்தம் செய்ய வைக்கிறேன் என்றாள்.

"அப்ப என் பக்கத்துல நின்னு ஜெபிச்சது அண்ணன்தான். அண்ணே, கொஞ்சம் எழுந்திருங்க."

எழுந்தேன். சபை முழுக்கக் கைதட்டியது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்...

"ஸ்தோத்திரம்," என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.