தேடி முடித்த தெரு

என் தங்கை கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். எங்கே ஒளிந்திருக்கிறதென்று துளியும் தெரியாத ஒரு பொருளை எப்படி அலைந்து தேடினால் சீக்கிரம் அகப்படும் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பக்கம் பக்கமாகச் சூத்திரம் எழுதுவாள். ஆனால் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வீடு முழுக்கத் தேடுவாள். ஊருக்குத்தானே உபதேசம்!

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அம்மா போனபின் நினைவு தப்பத் தொடங்கியது. ஒரு மதியம், வேலைக்கார அம்மா மாடிக்குத் துணி காயப்போடப் போன நேரத்தில், கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

போலீசில் சொன்னோம். மெயின் ரோட்டு லாரிகளை நினைத்து நான் வண்டிச் சாவியை எடுத்தேன். தங்கையோ சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தாள்.

"கண்டபடி ஓடாதண்ணா. வீட்டைச் சுத்தி ஒவ்வொரு தெருவா பார்ப்போம். பார்த்ததை அடிச்சிடலாம், திரும்பப் போக வேண்டாம்."

எரிச்சலாக இருந்தாலும் அவள் சொன்னபடியே செய்தேன். வெயில் தாழ்வதற்குள் வரைபடம் முழுக்கச் சிவப்புக் கோடு. அப்பாவைக் காணோம்.

அவள் பேனாவைப் போட்டுவிட்டாள். "என் கணக்குல தேடற பொருள் நகராதுண்ணா. அப்பா நடந்துக்கிட்டே இருப்பாரே! நாம அடிச்ச தெருவுக்கு அப்புறமா வந்திருந்தா?"

'படிச்சுக் கிழிச்சது போதும்' என்று வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அடித்த தெருக்களுக்கே மறுபடி போனோம். முதலில் அடித்த பின்தெருவிலேயே இருந்தார். பூட்டிய தையல்கடைப் படியில், செருப்பில்லாமல், கால் கிழிந்து ரத்தம் கசிய. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்கப்பா போனீங்க?" என்று தங்கை அவர் கையைப் பிடித்தாள்.

"பாப்பா இன்னும் ஸ்கூல் விட்டு வரலைங்க. தேடிக்கிட்டிருக்கேன்."

அவளைத்தான் அப்பா பாப்பா என்பார்.

"நான்தான்ப்பா பாப்பா."

அவளது நரைத்த முடியைப் பார்த்தார். "நீங்க பெரியவங்கம்மா. அவ இத்தனூண்டு" என்று இடுப்பளவுக்குக் கையைக் காட்டினார். எவ்வளவு கெஞ்சியும் எழவில்லை.

கடைசியில் அவள், "பாப்பா வீட்டுக்கு வந்துட்டாங்க. வாங்க" என்றாள். அந்தக் காலோடு கிட்டத்தட்ட ஓடினார்.

வீட்டில் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். கதவுக்குப் பின்னால், திரைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில். காலுக்கு மருந்து போட விடவில்லை. அவர் குனிந்த இடத்திலெல்லாம் தங்கையும் கூடவே குனிந்து பார்த்தாள்.

"இங்க இல்லையேம்மா" என்றார்.

"ஆமாப்பா, இல்ல" என்றாள்.