இன்றைக்கு மட்டும் நன்றாக ஓட்டிவிடாதீர்கள்

அவளுக்குத் தாலாட்டு என்று பெயர் வைத்தது அவள் ஓட்டும் காரில் வந்தவர்கள்தான். அலுவலகத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வாடகைக் கார் அது. ஏறும்போது ஊர்க்கதை பேசிக்கொண்டு ஏறுவார்கள். இரண்டாவது திருப்பத்தில் தலை சாய்ந்துவிடும். இடம் வந்ததும் அவள்தான் எழுப்பி இறக்கிவிட வேண்டும்.

அவள் கணவருக்குப் புயல் என்று பெயர். அதை யார் வைத்தது என்று கேட்டால், அவரே வைத்துக்கொண்டதாகத்தான் தெரிகிறது.

கல்யாணமான புதிதில் ஒரு காலி மைதானத்தில் அவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கற்றுக்கொடுத்தார் என்பதைவிடக் கத்திக் கொடுத்தார் என்பதே சரி. இன்று இருவரும் ஒரே முதலாளியம்மாவிடம், ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரி இரண்டு கார்களை, ஒரே வழித்தடத்தில் ஓட்டுகிறார்கள்.

அதில்தான் வந்தது வினை.

அன்று காலை கார் நிறுத்தும் செட்டில் எல்லா டிரைவர்களும் நின்றிருந்தபோது முதலாளியம்மா புயலைக் கைகாட்டி அழைத்தாள்.

"ஏம்ப்பா, உன் பெண்டாட்டி நாலு நாள் ஓட்டற பெட்ரோலை நீ மூணு நாள்ல முடிச்சிடறே. ஒரே வண்டி, ஒரே ரோடு. மிச்சம் எங்கே போகுது? குழாய் போட்டு உறிஞ்சி விக்கறியா?"

எல்லா டிரைவர்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்துட்டுப் போயிடு. உன் வீட்டுக்காரிக்காகத்தான் போலீசுக்குப் போகாம இருக்கேன்."

ஐயோ! அவள் அத்தனை வருடம் பார்த்துப் பார்த்து ஓட்டிச் சேர்த்த நல்ல பெயர், அவள் கணவர் நெற்றியிலேயே திருடன் என்று எழுதிவிட்டது.

பக்கத்தில் நின்ற மீசைக்காரர் என்ற டிரைவர் மெல்லக் காதைக் கடித்தார். "அண்ணி, நீங்களும் ரெண்டு நாள் நல்லா அழுத்தி ஓட்டுங்க. ரெண்டு கணக்கும் ஒண்ணாயிடும், கதை முடிஞ்சுது."

"அப்புறம் ரெண்டு பேருமே திருடங்கன்னு சொல்வாங்க அண்ணே. அதுவும் இல்லாம, என் கால் அப்படி அழுத்தாது. நானே சொன்னாலும் கேக்காது."

சொல்லிவிட்டு, நேராக முதலாளியம்மாவின் அறைக்குள் போனாள். அவளுக்கு உண்மை தெரியும். தெரிந்தவளுக்குப் பயம் எதற்கு?

"அம்மா, வெள்ளிக்கிழமை காலையில உங்க கண் முன்னால அவர் டேங்க்கை நிரப்புங்க. நாள் முழுக்க நீங்களே அந்த வண்டியில உக்காருங்க. சாயந்திரம் திரும்ப நிரப்புங்க. பெட்ரோல் கம்மியா போயிருந்தா அவர் திருடர்தான், நானும் சேர்ந்து சாவியைக் கொடுத்துடறேன். எப்பவும் போற அளவு போயிருந்தா, எத்தனை பேர் முன்னால சொன்னீங்களோ அத்தனை பேர் முன்னால வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கணும்."

முதலாளியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு ரொம்பத்தான் தைரியம். சரி, உக்கார்றேன்."

"அவர் கையை எனக்குத் தெரியும்மா. அந்தக் காலும் தெரியும்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காரைப் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகத்தில் ஒரு வைராக்கியம்.

"இன்னைக்குப் பாரு. அந்தம்மா முன்னால என் கைவரிசையைக் காட்டறேன். பூ மாதிரி கொண்டு போய்ப் பூ மாதிரி கொண்டு வர்றேன். முதல்ல டயருக்குக் காத்து பார்த்துட்டு, இந்த டிக்கியைக் கொஞ்சம் காலி பண்ணிட்டு..."

பூ மாதிரி ஓட்டினால் பெட்ரோல் குறைவாகத்தான் போகும். குறைவாகப் போனால் அவர் திருடர்தான் என்று ஊர்ஜிதமாகிவிடும்!

"என்னங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நல்லா ஓட்டிடாதீங்க."

துணி அவர் கையில் அப்படியே நின்றது. "அப்படின்னா? தினமும் நான் நல்லா ஓட்டலையா?"

கல்யாணமாகிப் பதினோரு வருடம். தொண்டை வரை வந்து வந்து திரும்பிப் போன பேச்சு அது. கற்றுக்கொடுத்தவரிடம் எப்படிச் சொல்வாள்? இன்று சொல்லாவிட்டால் என்றைக்குமே சொல்ல முடியாது.

"இல்லைங்க" என்றாள். "தூரத்துல சிவப்பு விளக்கு தெரியும். நான் அப்பவே காலை எடுத்துடுவேன், வண்டி தானா உருண்டு போய் நிக்கும். நீங்க அதுவரைக்கும் மிதிச்சுட்டுப் போய் பிரேக்கைப் போடுவீங்க. பெட்ரோலை ஊத்தி வேகத்தை வாங்கி, அதை ரோட்டுலயே கொட்டிட்டு வர்றீங்க. ஆளுக்காகக் காத்திருக்கும்போது இன்ஜினை நிறுத்தறதே இல்லை, ஏசி போட்டுக்கிட்டுத் தூங்கறீங்க. வீடு மாத்தினப்ப மேல மாட்டின கேரியர், காத்தைத் தடுத்துக்கிட்டு இன்னும் அங்கேயே இருக்கு. டிக்கியில ரெண்டு பழைய டயர், ஒரு மோட்டார், யாருக்கோ வாங்கின இரும்புக் கதவு. டயர்ல காத்தும் இல்லை. இவ்வளவையும் இழுத்துக்கிட்டு அந்த வண்டி ஓடுதே, அதுக்குத்தான் கோயில் கட்டணும்."

அவர் முகம் கறுத்தது. "என்னை ஓட்டத் தெரியாதவன்னு ஊருக்கே காட்டப் போறியா?"

"சாயந்திரம் ரெண்டு பேர்ல ஒரு பேர் உங்க கூட வீட்டுக்கு வரும். திருடன், இல்லைன்னா ஓட்டத் தெரியாதவன். எனக்குத் திருடரோட குடும்பம் நடத்தத் தெரியாது. ஓட்டத் தெரியாதவரோட பதினோரு வருஷம் நடத்திட்டேன்."

சொல்லி முடிக்கும்போது அவள் கண் நிறைந்துவிட்டது. அவர் எதையும் இறக்காமல் டிக்கியை மூடினார். உள்ளே இருந்த இரும்புக் கதவு கடகடவென்று அவரைப் பார்த்துச் சிரித்தது.

சாயந்திரம் கார் செட்டுக்குள் நுழைந்து, வழக்கம்போல் சுவருக்கு ஒரு சாண் முன்னால் கிறீச்சிட்டு நின்றது. பின்கதவு திறந்தது. முதலாளியம்மா ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். காலையில் ஒழுங்காக முடிந்திருந்த கொண்டை காதோரம் தொங்கியது.

"வழியிலேயே நிரப்பிட்டேன்" என்றாள் மூச்சு வாங்க. "எப்பவும் போற அளவுதான். ஒரு சொட்டு குறையலை."

மீசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முதலாளியம்மா குடித்துவிட்டு எல்லோரையும் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தத் தம்பி என் பெட்ரோலைத் திருடலை. என் வாய்தான் அவசரப்பட்டுடுச்சு. மன்னிச்சுக்கப்பா." ஒரு கணம் நிறுத்தினாள். "பெட்ரோலைத்தான் திருடலை. என் உயிரை ஒவ்வொரு திருப்பத்துலயும் எடுக்கப் பார்த்தான்!"

செட்டு இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அவரும் சிரித்தார். சிரிக்கும்போதே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் மட்டும் பார்த்தாள்.

மறுநாள் காலை அவள் செட்டுக்கு வந்தபோது இரும்புக் கதவும் மோட்டாரும் டயர்களும் ஓரமாகக் கிடந்தன. கேரியரைக் கழற்றி அவற்றின் மேல் சாய்த்திருந்தார். குனிந்து டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்:

"டியூட்டிக்கு இன்னும் நேரம் இருக்கு. பக்கத்துல உக்காரு. ஒரு சுத்து போய்ட்டு வரலாம். தப்பா ஓட்டினா சொல்லு."

"கத்தலாமா?"

"நான் கத்தின அளவுக்கு வேணாம்."

அவள் உட்கார்ந்தாள். கார் நகர்ந்தது தெரியாமல் நகர்ந்தது. நீண்ட சாலையின் கோடியில் சிவப்பு விளக்கு ஒரு பொட்டு மாதிரித் தெரிந்தது. அவள் அவருடைய காலைப் பார்த்தாள். கால் தயங்கியது, துடித்தது, பிறகு மெல்ல எழுந்தது. கார் தானாக உருண்டது. அவர்கள் பக்கத்தில் போவதற்குள் விளக்கு பச்சையாகிவிட்டது, நிற்கவே வேண்டியிருக்கவில்லை.

"எப்படி?" என்று பெருமையாகத் திரும்பினார் புயல்.

ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, தாலாட்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் காரில் யாரும் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. ஹாரனை அடிக்கப் போன கையை எடுத்துக்கொண்டு, இன்னொரு சுற்றுப் போகலாம் என்று மெதுவாகத் திருப்பினார்.