காலில் உப்போடு நின்றவர்கள்

தலைவர் இருந்தால் ஊருக்கு நல்லதா, ஆபீசர் மட்டும் இருந்தால் நல்லதா என்று எங்கள் உப்பளத்தில் உப்பு வாரும்போதெல்லாம் சண்டை நடக்கும். இரண்டையும் பார்த்தவர்கள் நாங்கள். நடுவில் சில வருடம் உள்ளாட்சித் தேர்தலே இல்லை. பேரூராட்சியை ஆபீசரே நடத்தினார். பிறகு ஓட்டுப் போட்டோம், தலைவர் வந்தார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம்தான். காரணம் தண்ணீர்.

எங்கள் தெருக் குழாயில் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் விட்டு ஒன்பதரைக்கு நிறுத்திவிடுவார்கள். தெருவில் பாதிப் பேர் உப்பளத்துக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கினால், வெயில் ஏறிப் பதினோரு மணிக்குத்தான் வீடு திரும்புவோம். அப்புறம் யார் தண்ணீர் பிடிப்பது? பத்தாவது படிக்கிற என் மகள்தான். குடங்களை நிரப்பிவிட்டு ஓடுவாள். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நிற்பாள். காலைப் பிரேயரை அவள் பார்த்தே மாதக் கணக்காகியிருந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். இவளும் நின்றுவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

ஆபீசர் காலத்தில் போய்க் கேட்டேன். நாற்காலியை விட்டு அசையவில்லை. ஆனால் கேட்டதும் போனை எடுத்தார். "நாளையிலேர்ந்து அந்தத் தெருவுக்குப் பதினோரு மணிக்கு விடுங்க." அவ்வளவுதான்! மறுநாளே வந்தது. அடேயப்பா, ஆட்சின்னா இதுதான்டி என்று அளம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்த மாதமே அவருக்கு டிரான்ஸ்பர். அடுத்து வந்தவர் பழையபடி எட்டு மணிக்கே மாற்றிவிட்டார். அவரை யார் கேட்பது? நாங்களா ஓட்டுப் போட்டு உட்கார வைத்தோம்?

தலைவர் வந்த பிறகு கேட்க ஆள் கிடைத்தார். டீக்கடையில் பிடிக்கலாம், கல்யாண வீட்டில் மடக்கலாம். "உங்க தெருவ மறப்பனாக்கா?" என்று கும்பிடுவார். காரியம் மட்டும் நகராது. எங்கள் நேரத்தை மாற்றினால் அடுத்த தெரு கோபித்துக்கொள்ளும் என்ற பயம். "மேடம் கிட்ட கேளுங்கக்கா" என்பார். மேடம் என்பவர் இப்போதைய ஆபீசர், அதாவது செயல் அலுவலர், சின்ன வயசுப் பெண். அவரோ, "மன்றத்துல தீர்மானம் போட்டாத்தாங்க நான் செய்ய முடியும்" என்பார். இங்கேயிருந்து அங்கே, அங்கேயிருந்து இங்கே. என் செருப்புதான் தேய்ந்தது.

இந்த வருடம் முதல் உப்பு எடுக்கும் பூஜைக்கு எங்கள் முதலாளியான அளத்துக்காரர் இருவரையும் அழைத்திருந்தார். கற்பூரம் காட்டியதும் விருந்தாளிகள் வெறுங்காலோடு பாத்தியில் இறங்கிக் கொஞ்சம் உப்பு வாரி வைப்பார்கள். கரையேறியதும் அவர்கள் காலுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். ஊற்றாவிட்டால் உப்பு காய்ந்து காலை அரித்துத் தின்னும். மகள் பிடித்து வைக்கிற குடத்தை நான்தான் வீட்டிலிருந்து எடுத்து வருவேன். இந்த முறை முந்தின நாளே அவளிடம் சொல்லிவிட்டேன்: "நாளைக்கு நீ தண்ணி பிடிக்க வாணாம். நேரத்தோட ஸ்கூலுக்குப் போ."

பூஜை முடியப் பத்து மணி தாண்டிவிட்டது. தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையேறினார். மேடத்தின் சுடிதார் கணுக்கால் வரை நனைந்திருந்தது.

"எங்கம்மா தண்ணி?" என்றார் அளத்துக்காரர்.

குடத்தைக் கவிழ்த்துக் காட்டினேன். "இல்லீங்க. எம் பொண்ணு இன்னைக்கு ஸ்கூலுக்குப் போயிட்டா."

அவர் முகம் செத்துவிட்டது. அவசரமாக நீட்டிய பாட்டில் தண்ணீர் இரண்டு கட்டைவிரலுக்குக்கூடப் போதவில்லை. "பக்கத்துலதான் எங்க தெரு, வாங்க" என்று நான் முன்னால் நடந்தேன். இருவரும் காலைத் தேய்த்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அளத்துப் பெண்கள் அத்தனை பேரும். தெருக் குழாயைத் திறந்தேன். சொட்டு வரவில்லை.

"இன்னா மேடம் இது?" என்றார் தலைவர்.

"தீர்மானம் வரலியே சார்" என்றார் மேடம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தலைவரே, தீர்மானம் போட வேண்டியவரு நீங்க. மேடம், செய்ய வேண்டியவங்க நீங்க. ரெண்டு பேரும் இங்கதான நிக்கிறீங்க? கால் எரியுதில்ல? எங்களுக்கு தெனமும் இப்படித்தான் எரியுது. இப்பச் சொல்லுங்க, நான் யாரக் கேக்கணும்?"

தலைவர் குனிந்து கணுக்காலைச் சொறிந்தார். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க சரின்னு சொல்லுங்க சார், இப்பவே விடச் சொல்றேன், நாளையிலேர்ந்து பதினோரு மணிக்கே விடச் சொல்லிடறேன். தீர்மானத்த வர்ற கூட்டத்துல வெச்சுக்கலாம்" என்றார்.

"சரி, சரி, சொல்லுங்க மேடம்!" என்று கத்தினார் தலைவர்.

போன் போனது. கொஞ்ச நேரத்தில் குழாய் இருமியது, காற்று விட்டது, பிறகு கொட்டியது. பெண்கள் போட்ட கூச்சலில் தெருநாயெல்லாம் ஓடியது. ஓட்டு வாங்கியவரும் உத்தரவு போடுகிறவரும் ஒரே குழாயடியில் முட்டிமோதிக் கால் கழுவியதைக் கண்ணாரப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் நான்!

சொன்னபடி தீர்மானமும் நிறைவேறியது. தலைவரா ஆபீசரா என்று அளத்தில் இப்போது யாராவது கேட்டால், இரண்டு பேரும் வேண்டும், இரண்டு பேருக்கும் கால் எரிய வேண்டும் என்கிறேன். அதெல்லாம் பிறகு நடந்தது. பூஜையன்று சாயங்காலம் மகள் பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று சொன்னாள்: "இன்னைக்கு பிரேயர்ல நின்னேம்மா." உடனே அவள் முகம் வாடியது. "நாளைக்கு தண்ணி?"

"இனிமே பதினோரு மணிக்குத்தான் விடுவாங்க, நான் வந்து பிடிச்சுக்கிறேன்" என்றேன். "நீ போய் பிரேயர்ல நில்லு."