செயின்ட் ஆனில் படகு கேட்கிறோம்

வரும் கோடையில் ஒரு கிழமை முழுக்கக் குடும்பமாகப் படகிலேயே தங்கிக் கால்வாய் வழியே போக எண்ணம். செயின்ட் ஆன் துறையில், வாடகைக்குப் படகு விடும் பிரெஞ்சு பேசும் படகுக்காரன் மறுக்கிறான்.

"ஓட்டிப் பழகாத ஆக்களுக்குத் தரமாட்டாராம், அம்மா," என்கிறான் மகன்.

"மட்டக்களப்பு வாவியில நாப்பது வருசம் தோணி விட்டனான் எண்டு சொல்லு மனே."

படகுக்காரன் என் சேலையைப் பார்த்துச் சிரித்து, நீண்ட கம்பொன்றை நீட்டுகிறான். செருப்போடு தோணியில் ஏறி எனக்குப் பழக்கமில்லை, கழற்றிவிட்டு ஏறுகிறேன். காற்று படகைத் துறைச் சுவரோடு ஒதுக்குகிறது. கம்பை ஊன்றி வெளியே தள்ளி, திரும்பவும் சுவரில் முட்டாமல் கரையோடு அணைக்கிறேன்.

படிவத்தில் ஓட்டுபவர் பெயரெழுத மகன் பேனையை எடுக்கிறான். படகுக்காரன் அதை வாங்கி என்னிடம் தருகிறான்.

"கப்டன் மதாம்!"

அவசரப்படாமல், எழுத்துக்கூட்டி, என் பெயரைத் தமிழில் எழுதுகிறேன்.