எழுத்துப்பிழை இல்லாத தப்பு

நேற்று மகள் கைப்பேசியில் எனக்காக ஏதோ விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, நாடு?" என்றாள். "குண்டூர் நாடு" என்றேன். சொன்னதை அப்படியே தட்டிவிட்டு, பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தக் கேள்வியும் தலையடியும் எனக்குப் பழையவை. மூன்றாம் வகுப்பில் வாத்தியாரிடம் இதே பதிலைச் சொல்லி நறுக்கென்று ஒரு குட்டு வாங்கியிருக்கிறேன். கொல்லிமலையில் பத்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. குண்டூர் நாடு, பைல் நாடு என்றுதான் எங்களுக்குத் தெரியும். "இந்தியாடா, இந்தியா!" என்றார் வாத்தியார். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. ஆக, என் மொத்தப் படிப்பும் அந்த ஒரு சொல்தான்.

அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில், செம்மேட்டில் ஒரு ஆபீஸில் எனக்குக் கட்டுத் தூக்கும் வேலை. ரேஷன் கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, மலை முழுக்க ஃபாரம் எழுதி வாங்கியிருந்தார்கள். "காலியா உட்ட கட்டம் இருந்தா, அந்த ஃபாரத்த மட்டும் தனியா எடுத்து வையி" என்றார் கிளார்க். நான் படித்தவனாயிற்றே, விடுவேனா? 'நாடு' என்ற கட்டத்தில் எல்லாரும் குண்டூர், பைல் என்று எழுதியிருந்தார்கள். பாவம், குட்டு வாங்குவார்களே என்று சிவப்புப் பேனாவால் அடித்து அடித்து, அத்தனையிலும் இந்தியா என்று எழுதினேன். ஒரு எழுத்துப்பிழை கிடையாது.

சில மாதம் கழித்து, பைல் நாட்டுச் செல்லம்மாக்கா வெறும் பையோடு வந்து நின்றார். ரேஷன் கடையில் அவர் பேரே இல்லையாம்.

"ஏனுங்க, நா செத்துட்டனாங்க?"

கிளார்க் பட்டியலைப் புரட்டினார். "சாகலீங்க. செல்லம்மா, ஊட்டுக்காரர் பெரியசாமி, மேல்வளவு, இந்தியா. நீங்க ரெண்டு தடவ இருந்தீங்களாம். ஒண்ண எடுத்துட்டாங்க."

"ரெண்டு தடவ இருந்தனா? அப்ப அந்த ரெண்டாவது பங்கு அரிசி எங்கீங்க சாமி?"

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "மூணு புள்ளைங்க. நேத்தும் வெறுங் கெழங்குதானுங்க அவிச்சேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குண்டூர் நாட்டிலும் மேல்வளவு என்று ஒரு ஊர் உண்டு. அங்கேயும் ஒரு பெரியசாமி, அவருக்கும் ஒரு செல்லம்மா. எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் பக்கத்து வீடு.

"சார், அந்தச் சிவப்பு மை... நாந்தானுங்க."

"உன்ன யாருடா படிக்கச் சொன்னது?"

பழைய கட்டுகளை இறக்கினோம். நல்லவேளை, என் கோடு மெலிசு. அதற்கு அடியில் 'பைல்' என்று எழுதியிருந்தது அப்படியே தெரிந்தது. அதைக் காட்டித்தான் இரண்டு மாதத்தில் அக்காவின் பேர் திரும்பி வந்தது. அதுவரை என் வீட்டு அரிசியைத் தலையில் சுமந்துபோய்க் கொடுத்தேன். தூரத்தில் பார்த்ததுமே, "புள்ளைங்களா, இந்தியா வருது பாருங்க" என்பார்.

நேற்று மகள் நான் சொன்னதை அழித்துவிட்டு, இந்தியா என்று போட்டாள். சரிதான். இருந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன்.

அடியில் ஒன்றும் தெரியவில்லை.