கூட்டினால் எட்டு

பக்கத்து மோட்டார் கடைக் குமாருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் எண்களை வகுத்துப் பார்ப்பது. கல்வராயன் மலையில் கரியாலூர்க்காரன். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு அருகே காசிநாதன் முதலாளியிடம் தண்ணீர் மோட்டார் விற்றுக்கொண்டிருந்தான். கடையின் பத்து இலக்க செல்போன் எண் ஒரு பகா எண் என்று கண்டுபிடித்த அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

"ஒன்னையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாதுண்ணா. எம்மாம் பெரிய நம்பரு, ஒருத்தனுக்கும் மடங்கல."

"அதால கடைக்கு இன்னா லாபம்?" என்றேன். ஜெராக்ஸ் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?

லாபம் அவன் தங்கை சிவரஞ்சனிக்குத்தான். கர்நாடகத்தில் காபித் தோட்டம் தோட்டமாக மாறி வேலை செய்தாள். பெற்றோர் இல்லை, மலை வீட்டில் சிக்னல் இல்லை, அவளிடம் போனும் இல்லை. எப்போதாவது யாரிடமாவது போனைக் கெஞ்சி வாங்கி, தனக்குத் தெரிந்த ஒரே எண்ணான இந்தக் கடை எண்ணுக்குத்தான் பேசுவாள். எண்ணை மனப்பாடம் செய்யவைத்த குமார், ஒரு சோதனையும் சொல்லிக் கொடுத்திருந்தான். பத்து இலக்கத்தையும் கூட்டு, வருவதை மறுபடி கூட்டு, எட்டு வந்தால் சரி. ஒரு இலக்கம் தப்பினால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

எதிரில் புதுக் கடை ஒன்று வந்ததும் காசிநாதனுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. மனிதர் போய் எண் ஜோசியரைக் கூட்டிவந்தார். எட்டு சனியுடைய எண், ஆறு வருகிற மாதிரி மாற்றுங்கள் என்றார் ஜோசியர்.

"ஒம்போதால வகுத்தா எட்டு மிச்சம், அவ்ளோதாங்க அர்த்தம்," என்றான் குமார். "ஆறு வந்தா அது மூணால வகுபட்டுடுங்க."

"மூணால வகுபட்டா மோட்டாரு ஓடாதா?" என்றார் காசிநாதன். ஜோசியர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குமார் கணக்கை விட்டுவிட்டான். "தங்கச்சி ஒரு தபா பேசட்டுங்க. புது நம்பரச் சொல்லிடறேன்."

"எப்ப பேசும்?"

"தெரியாதுங்க. இல்லன்னா பழைய நம்பர என் பேருக்காவது மாத்திக் குடுங்க."

"சனிய சட்ட ஜோப்புல வச்சிக்கினு என் கடைக்கே வருவியா?"

வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, பழைய எண்ணை ஒரேயடியாக நிறுத்தினார் காசிநாதன். போர்டில் புது எண் பளபளத்தது. வியாபாரம் படுத்த இடத்திலேயே கிடந்தது.

குமார் கடை போனிலிருந்தே பழைய எண்ணைத் தினமும் கூப்பிட்டான். உபயோகத்தில் இல்லை என்றே பதில் வந்தது. எண்ணை மாற்றச் சொன்னவனுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது, பாவி.

மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் அவன் கூப்பிட்டபோது மறுமுனையில் மணி அடித்தது. என் கடை வாசலில் நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போட்டான். நிறுத்திய எண்ணைக் கம்பெனி செய்யாறு பக்கத்து ஆள் ஒருவருக்குக் கொடுத்திருந்தது.

"நீயுமாப்பா? காலைல ஒரு பொண்ணு உசுர வாங்கிடுச்சு. ராங் நம்பர்னா கேக்க மாட்டேங்குது. கூட்டிப் பாத்துட்டேன், எட்டு வருது, நம்பர் சரிதான், எங்க அண்ணனக் குடுங்கன்னு ஒரே அழுகை."

"எந்த நம்பர்லருந்துங்க?" குமார் என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டான்.

"அதெல்லாம் அப்பவே அழிச்சிட்டேன். நீ நம்பரயே தப்பாக் கத்துக்கினு வந்துக்கிற, இனிமே கூப்புடாதம்மான்னு சொன்னேன். சரின்னு வச்சிடுச்சு."